தண்ணீர் வற்றக் காத்திருந்தவள்

என் மனைவிக்கு வந்திருப்பது என்ன என்று புதுச்சேரி மருத்துவர் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். நான் வருவாய்த் துறையில் ஆயுளைக் கழித்தவன். எதையும் எழுத்துப்பூர்வமாகக் கையில் கொடுத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது என்று நம்பிப் பழகியவன். மரக்காணம் திரும்பும் வழியெல்லாம் பேருந்தில் அந்தச் சீட்டைச் சட்டைப்பையில் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். பக்கத்தில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். கழுவெளி ஏரித் தண்ணீரும் கொக்குகளும் அவள் முகத்தின் மேல் ஓடிக்கொண்டிருந்தன. கண் எதையும் பிடிக்கவில்லை.

அது ஐப்பசி மழை நேரம். அந்தப் பயணத்துக்குப் பிறகு அவள் எங்கள் வீட்டு கேட்டைத் தாண்டவில்லை. அழவில்லை, அடம்பிடிக்கவில்லை. வெறுமனே தாண்டவில்லை. அரசுப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். சமையற்கூடத்தில் நின்று பேசினால் தெருமுனையில் இருக்கும் எனக்குக் கேட்கும். அந்தக் குரல் தேய்ந்து தேய்ந்து கடைசியில் "ம்" என்பதில் வந்து நின்றது. சாப்பிட்டாயா, ம். மாத்திரை போட்டாயா, ம். காலையில் எழுந்திருக்க மாட்டாள். வெயில் முற்றத்தைக் கடந்து போகும்வரை சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள்.

காரணம் சொல்ல வந்தவர்களுக்குக் குறைவே இல்லை. வேலையை விட்டதுதான் காரணம் என்றார் பக்கத்து வீட்டம்மா. ஓய்வு பெற்ற அன்று ஊருக்கே ஜாங்கிரி கொடுத்துக் கொண்டாடியவள் இவள். மகள் கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போனதுதான் காரணம் என்றான் என் தம்பி. அந்தக் கல்யாணத்தை அவசரப்படுத்தியதே இவள்தான். இரும்பை ஊர்ச் சிவன் கோயிலில் விளக்கேற்றச் சொன்னார் ஒருவர். ஏற்றினேன். மனு கொடுக்கக்கூடிய எந்த அலுவலகத்தையும் விட்டுவைக்கக் கூடாது என்பது என் கொள்கை. மருத்துவர் மட்டும், "காரணம் தேடாதீங்க சார். காய்ச்சல் வந்தா ஏன் வந்துச்சுன்னு அதுகிட்ட சண்ட போடுவீங்களா?" என்று கேட்டார். காரணம் குறிப்பிடாத மனுக்களை நான் பரிசீலிக்காமலே திருப்பி அனுப்பியிருக்கிறேன். இதைத் திருப்பி அனுப்ப முகவரி இல்லை.

பொங்கலுக்கு வந்த மகள் தன் பழைய டேப்லெட்டைக் கொண்டுவந்து அம்மாவின் தலையணை அருகே வைத்தாள்.

"இதுல ஒரு கேம் போட்டிருக்கேன். தோணுச்சுன்னா விளையாடும்மா" என்றாள்.

"கேமா? உங்கம்மா கேரம் போர்டக்கூட தொட்டதில்ல" என்றேன்.

"இது அந்த மாதிரி கேம் இல்லப்பா. மனசு சரியில்லாத ஒரு பொண்ணு. அவ ஒரு வீட்டுக்குள்ளேர்ந்து வெளிய வரணும், அவ்ளோதான். என்கூட வேல செய்றவங்க ஒருத்தங்க, அவங்களுக்கு இப்படி இருந்தப்போ விளையாடினாங்களாம். பேச்சே கெடையாது. அம்மாவுக்குப் பேசறதுதானே கஷ்டமா இருக்குது?"

"வயித்துவலிக்காரனுக்கு ஆஸ்பத்திரி படம் போட்டுக் காட்டுற மாதிரி இருக்குது."

"அப்பா, நீங்க கொஞ்சம் சும்மா இருங்க."

சும்மா இருந்தேன். மகள் ஊருக்குப் போன மறுவாரம், மனைவி சுவரைப் பார்க்கும் அதே நிலையில் டேப்லெட்டைப் பார்க்கத் தொடங்கினாள். எட்டிப் பார்த்தேன். சாம்பல் நிறத்தில் ஒரு பெரிய வீடு. அதில் ஒரு சின்னப் பெண். அவள் காலில் கட்டியதுபோல ஒரு நிழல், சில அறைகளில் இலேசாகவும் சில அறைகளில் நனைந்த சமுக்காளம் போலக் கனமாகவும் அவள் பின்னால் இழுபட்டு வந்தது. படிக்கட்டுகள் இடம் மாறின. கதவுகள் மேற்கூரையில் இருந்தன. எதைத் தள்ளி, எதில் ஏறி, எங்கே குதிப்பது என்று விளையாடுகிறவரே கண்டுபிடிக்க வேண்டும். விழுந்தால் விழுந்த இடத்திலேயே எழுந்திருப்பாள். மதிப்பெண் கிடையாது, கால வரம்பு கிடையாது, விதிமுறைக் கையேடு கிடையாது. இப்படி ஓர் அமைப்பை நடத்துவது சாத்தியமே இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மாசி வாக்கில் ஒரு மாற்றம் வந்தது. காலையில் எனக்கு முன்பே அவள் எழுந்துவிட ஆரம்பித்தாள். பல் தேய்த்துவிட்டு, டேப்லெட்டை எடுத்துக்கொண்டு, கிணற்றடிப் பக்கம் நாற்காலி போட்டு உட்காருவாள். ஆனால் விளையாடுவதில்லை. திரையில் ஒரு பெரிய நீர்ப்பரப்பு. கரையில் அந்தப் பெண் அசையாமல் நிற்பாள். இவளும் விரலை வைக்காமல் பார்த்துக்கொண்டிருப்பாள். கொஞ்ச நேரம் கழித்து மூடி வைத்துவிட்டு வந்து காபி போடுவாள். ஆம், காபி போட ஆரம்பித்திருந்தாள்.

மருத்துவரிடம் தொலைபேசியில் பேசியபோது அவர் கேட்டார்: "காலையில எழுந்ததும் பாக்கறதுக்குன்னு அவங்களுக்கு ஏதாவது இருக்குதா சார்?"

"டேப்ல ஏதோ கேம் சார்" என்றேன், வீட்டில் திருட்டு மின்சாரம் எடுத்ததை ஒப்புக்கொள்கிறவனைப் போல.

"நல்லதாச்சே! அதுக்காக எழுந்திருக்கறாங்கள்ல? அத விட்டுடாதீங்க. மெதுவா வெளிய வருவாங்க."

விட்டுவிடாதீர்கள் என்றால் என்ன அர்த்தம்? ஒரு சாதாரண மனிதன், சும்மா விட்டு வை என்று புரிந்துகொள்வான். எனக்குப் புரிந்தது வேறு. விளையாட்டு நல்லது செய்கிறது. ஆனால் பல நாட்களாக ஒரே இடத்தில் நிற்கிறது. ஆகவே அது நிலுவையில் இருக்கிறது. நான் ஓய்வு பெற்ற அன்று என் மேசையில் நிலுவைக் கோப்பு ஒன்றுகூட இல்லை. அதற்காக எனக்கு ஒரு சால்வை போர்த்தினார்கள்.

ஒரு காலை, அவள் குளிக்கப் போனதும் டேப்லெட்டை எடுத்தேன். அந்த இடத்தை எப்படிக் கடப்பது என்று ஒருவர் விளையாடிக் காட்டும் வீடியோவை முந்தின நாளே என் செல்போனில் தேடி வைத்திருந்தேன். கரையோரம் இடதுபுறமாகப் போனால் நாணலுக்குள் ஒரு தெப்பம். அதை நீரில் தள்ளி, நிழலை முதலில் ஏற்றி, பிறகு பெண்ணை ஏற்ற வேண்டும். பலமுறை அவளை நீரில் தள்ளிய பிறகு ஒருவழியாக அக்கரை சேர்த்தேன். திரை ஒருமுறை இருண்டு, புதிய இடம் வந்தது.

அவள் ஈரத்தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தாள். நான் டேப்லெட்டை நீட்டினேன்.

"முடிச்சுக் குடுத்துட்டேன் பாரு. இனிமே நீ மேல போய்க்கினே இருக்கலாம்."

வாங்கிப் பார்த்தாள். "தண்ணி எங்க?"

"தாண்டியாச்சு. ஓரத்துல ஒரு தெப்பம் கெடந்துச்சு. நீ கவனிக்கல."

"உங்கள யாரு தாண்டச் சொன்னாங்க?"

பல மாதங்களுக்குப் பிறகு அவள் பேசிய முழு வாக்கியம் அது. சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று தெரியாமல் நின்றேன்.

"கரையில வெள்ள கட்டிட்டு வந்துச்சுங்க" என்றாள். "நேத்தைக்கு இன்னும் ஒரு விரக்கட அகலமாயிருந்துச்சு. இன்னும் கொஞ்ச நாள்ல பூத்திருக்கும்."

"என்ன பூத்திருக்கும்?"

"உப்புதான். வேற இன்னா?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவள் அப்பா இங்கே உப்பளம் குத்தகைக்கு எடுத்து நடத்தியவர். பாத்தியில் உப்புத்தண்ணீர் பாய்ச்சிவிட்டால் அதற்குப் பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. வெயிலும் காற்றும் பார்த்துக்கொள்ளும். முதலில் ஓரத்தில் வெள்ளைக் கோடு விழும். பிறகு மேலே ஆடை போலப் படியும். அந்த நேரத்தில் யாராவது காலை வைத்துக் கலக்கிவிட்டால் உப்பு பொடியாகி, சேறு கலந்து, விலை போகாது. பாத்தி பூக்கும்போது பிள்ளைகள் வரப்பிலேயே நிற்க வேண்டும். கைகூட நீட்டக் கூடாது. அப்படி வளர்ந்தவள் திரையில் ஒரு பரந்த தண்ணீரையும் அதன் ஓரத்தில் ஒரு வெள்ளையையும் பார்த்ததும் அது என்னவென்று தெரிந்துகொண்டாள். என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரிந்தது: தொடாமல் இருக்க வேண்டும். விளையாட்டைச் செய்தவர்கள் எந்தக் குளிர் தேசத்துக்காரர்களோ. அவர்கள் வரைந்தது உறைபனியாக இருக்கலாம், மூடுபனியாக இருக்கலாம். பூமியில் இந்த விளையாட்டை விளையாடிய எல்லோரும் தெப்பத்தைத் தேடியிருப்பார்கள். இவள் ஒருத்திதான் தண்ணீர் வற்றக் காத்திருந்தாள். ஒவ்வொரு காலையும் கோடு எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பார்ப்பதற்காகவே எழுந்து வந்திருக்கிறாள்.

அதில்தான் நான் காலை வைத்துக் கலக்கியிருந்தேன்.

அவள் டேப்லெட்டைக் கட்டிலில் வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். மறுநாள் எழுந்திருக்கவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. "ம்" கூட நின்றுபோனது.

மகளுக்கு போன் செய்தேன்.

"பழைய எடத்துக்கே திரும்பிப் போக வழி இருக்குதா?"

"ஒரே ஒரு சேவ்தான்ப்பா அதுல, கடைசியா போன எடம் மட்டுந்தான் நிக்கும். முதல்லேர்ந்து ஆரம்பிச்சாதான் உண்டு."

"செஞ்சவங்களுக்கு ஒரு மெயில் எழுதிப் போட்டா? சூழ்நிலைய விளக்கி."

"என்னன்னு எழுதுவீங்க? எங்க வீட்டம்மா உப்பு வெளையும்னு நெனச்சுட்டாங்கன்னா?" சிரித்துவிட்டாள். பிறகு சிரிப்பை நிறுத்தி, மெதுவாக, "அம்மா தினமும் அதுக்காகவாப்பா எழுந்தாங்க?" என்றாள்.

முதலில் இருந்து ஆரம்பிப்பது என்று முடிவு செய்தேன். மறுபரிசீலனை, மேல்முறையீடு, கருணை மனு எதற்கும் இடமில்லாத நிலையில் மிச்சமிருப்பது அதுதான். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து விளையாடத் தொடங்கினேன். கிணற்றடியிலோ கூடத்திலோ உட்கார்ந்திருக்கலாம். ஆனால் செய்த குழப்பத்தைச் சரிசெய்கிறேன் என்பது பாதிக்கப்பட்டவருக்குத் தெரிய வேண்டும். அது இயற்கை நீதி. செல்போனில் அந்த வீடியோவையும் ஓடவிட்டேன். அந்த ஆள் ஒவ்வொரு குதிப்புக்கும் ஒரு வியாக்கியானம் சொன்னான்.

"அந்தாள நிறுத்துங்க" என்றது சுவர்ப்பக்கமிருந்து ஒரு குரல். "வாய் ஓயாம பேசிக்கினே இருக்கறான்."

நிறுத்தினேன். வழிகாட்டியும் போனான். இனி நானும் அந்தப் பெண்ணும்தான்.

அவளை நான் படுத்திய பாடு சொல்லி மாளாது. அலமாரி மேலிருந்து விழுந்தாள். மாடிப்படியிலிருந்து விழுந்தாள். விழும்போதெல்லாம் தொப்பென்று ஒரு சத்தம், பிறகு ஒரு பெருமூச்சு. இரண்டு மூன்று மத்தியானம் இப்படிப் போனது. பிறகு இருபுறமும் சுவருள்ள ஒரு நீண்ட நடை வந்தது. அதன் கடைசியில் ஒரு கதவு. ஓடினேன். கதவு நெருங்கவில்லை. இன்னும் வேகமாக ஓடினேன். கதவு தள்ளிப் போனது. சில தலைமை அலுவலகங்களில் இத்தகைய நடையை நேரில் பார்த்திருக்கிறேன் என்பதால் ஆச்சரியப்படவில்லை, தொடர்ந்து ஓடினேன்.

"ஓடாதீங்க."

திரும்பிப் பார்த்தேன். அவள் முகம் சுவரைப் பார்த்தபடியே இருந்தது. திரையில் கேட்ட காலடிச் சத்தத்தை வைத்தே சொல்லியிருக்கிறாள்.

"ஓடுனா நீண்டுக்கினே போவும். மெதுவா நடங்க."

மெதுவாக நடந்தேன். நடை சுருங்கி, கதவு தானாகப் பக்கத்தில் வந்து நின்றது. எத்தனை நாள் தனியாக இந்த நடையில் ஓடி இதைக் கண்டுபிடித்தாளோ. நான் அடுத்த அறையில், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில்தான் இருந்திருக்கிறேன்.

அதன் பிறகு அவள் பக்கமிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உத்தரவுகள் வர ஆரம்பித்தன. முதலில் சுவரைப் பார்த்துக்கொண்டு. பிறகு மல்லாந்து படுத்து. பிறகு ஒரு கையை ஊன்றித் தலையைத் தூக்கி.

"அங்க இல்லங்க. லெப்ட்ல. லெப்ட்னா எதுன்னு தெரியும்ல?"

"தெரியும்."

"அப்ப ஏன் ரைட்ல போறீங்க? கையெழுத்துப் போட்டே தேஞ்ச கை. வேற எதுக்கும் வளைய மாட்டேங்குது."

கிணறு போன்ற ஓர் அறை வந்தது. அதில் நிழல் மிகவும் கனமாகிவிட்டது. பெண் ஓர் எட்டு வைத்தால் அது பின்னால் அரை எட்டு இழுத்தது.

"இது ஏன் இப்படி இழுக்குது? டேப்ல ஏதாவது கோளாறா?" என்றேன்.

"கோளாறெல்லாம் இல்ல. அது அப்படித்தான்."

கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்துக் கேட்டேன். "உனக்கும் இப்படித்தான் இருக்குதாம்மா?"

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "காலைல ரொம்ப கனம். சாயங்காலம் கொஞ்சம் தேவல. நீங்க எழுந்திரு எழுந்திருன்னு சொல்றப்போ நானும் எழுந்திருக்கத்தான் பாப்பேன். வராது."

புதுச்சேரிச் சீட்டில் எழுதியிருந்த சொல்லைப் பல மாதங்களாக எனக்குத் தெரியும். ஆனால் அதன் எடை என்னவென்று அன்றுதான் எனக்குச் சொல்லப்பட்டது. பெண்ணைக் குதிக்க வைத்தேன். விழுந்தாள்.

"பாத்துங்க" என்றாள். "பாவம் அது."

பங்குனி வெயில் ஏறியபோது விளையாட்டில் அந்தச் சாம்பல் வீட்டைத் தாண்டிவிட்டோம். தோட்டத்தையும் தாண்டினோம். அடுத்தது தண்ணீர்தான் என்றாள் அவள். எழுந்து கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். மூங்கில் புதர் ஒன்றை விலக்கிக்கொண்டிருந்தபோது திரையில் சிவப்பாக ஓர் அடையாளம் மின்னியது. சார்ஜ் இல்லை. ஒயரைச் செருகினேன்; ஏறவில்லை. அசைத்துப் பார்த்தேன், ஒயரின் கழுத்து கையோடு வந்துவிட்டது. திரை அணைந்தது.

பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் செல்போன் கடைக்குப் போய் ஒன்று வாங்கி வந்தேன். முனை பெரிதாக இருந்தது. திரும்பப் போய் மாற்றி வந்தேன். முனை சரியாகப் பொருந்தியது. ஆனால் திரும்பும் வழியில் எங்கேயோ நான் அதன் மேல் உட்கார்ந்து மடக்கியிருக்க வேண்டும், சார்ஜ் ஏறவில்லை. மறுபடி செருப்பை மாட்டினேன்.

"மூணாவது தடவ போனீங்கன்னா அந்தக் கடையிலயே உங்கள வேலைக்கு வச்சிப்பாங்க" என்றாள். பிறகு கட்டிலை விட்டு இறங்கினாள். "இருங்க. டேப்ப எடுத்துக்குனு போய் அங்கயே மாட்டிப் பாத்து வாங்கணும். நானும் வர்றேன்."

என் பணிக்காலத்தில் கற்றுக்கொண்ட ஒன்று உண்டு. வருடக்கணக்கில் அசையாத கோப்பு ஒருநாள் தானாக அசைந்தால், ஏன் என்று யாரையும் கேட்கக் கூடாது. நான் கேட்கவில்லை. அவள் புடவை மாற்றினாள், தலை வாரினாள், நெற்றிக்கு இட்டுக்கொண்டாள். நான் வாசலில் செருப்புக் காலோடு, கேட்டின் தாழ்ப்பாளையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் வந்தாள். கேட்டைத் திறந்தாள். வெளியே போனாள். மூடுவதற்காகத் திரும்பி, "இன்னா நிக்கறீங்க?" என்றாள்.

பக்கத்து வீட்டம்மா மாடியிலிருந்து பார்த்துவிட்டார். வாயைத் திறக்கப் போகிறார் என்று தெரிந்ததும், இவள் முதுகுக்குப் பின்னாலிருந்து இரண்டு கைகளையும் கூப்பி அவரைக் கும்பிட்டேன். என்ன நினைத்தாரோ, துவைத்த துணியால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அந்த அம்மாளைப் பற்றி இதுவரை நான் சொன்ன எல்லாவற்றையும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

கடையை நடத்துவது அனுமந்தையைச் சேர்ந்த ஒரு பெண். வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். என்னைப் பார்த்ததும், "வாங்க சார், அதுக்குள்ள இதையும் ஒடச்சாச்சா?" என்றாள்.

"அவருகிட்ட குடுத்தா அப்படித்தான்மா" என்றாள் என் மனைவி. "நீ இதுல மாட்டிப் பாத்தே குடு."

புது ஒயர் மாட்டியதும் திரை உயிர்பெற்றது. மூங்கில் புதர் வந்தது. என் மனைவி அங்கேயே, கண்ணாடிப் பெட்டியின் மேல் டேப்லெட்டை வைத்துக்கொண்டு, ஒரு விரலால் அந்தப் பெண்ணை நடத்தினாள். புதர் விலகியது. தண்ணீர் தெரிந்தது. ஓரத்தில் அந்த வெள்ளைக் கோடு, மெல்லியதாக.

"ஏம்மா, இத கொஞ்சம் பாரேன்" என்று கடைக்காரப் பெண்ணிடம் திருப்பிக் காட்டினாள். "இது உப்புத்தண்ணி மாதிரி தெரியல?"

கடைக்காரப் பெண் குனிந்து பார்த்தாள்.

"உப்பாக்கா? தெரியலியே. ஏரியாட்டந்தான் இருக்குது. தோ, இங்க ஒரு கட்டுமரங்கூட கெடக்குது பாருங்க. அதுல ஏறிப் போவணும் போல."

நாணலுக்குள் மறைந்திருந்த தெப்பம் அவளுக்கு எடுத்த எடுப்பிலேயே கண்ணில் பட்டுவிட்டது. நான் வேறு பக்கம் பார்த்தேன். என் மனைவி திரையை முகத்தருகே கொண்டுபோய் அந்தத் தெப்பத்தைப் பார்த்தாள். வெள்ளைக் கோட்டைப் பார்த்தாள். இப்போது என்ன நடந்தாலும் அது என்னால் வந்ததுதான். அவளை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடிவிடலாமா என்று இருந்தது.

"அப்போ இது வெறும் தண்ணிதானா?" என்றாள்.

"வெறுந்தண்ணிதான்க்கா."

அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"வெறுந்தண்ணியும் வத்துமில்ல?"

கடைக்காரப் பெண் சிரித்தாள். "வத்தும். நாளாவும்."

"ஆவட்டும்" என்றாள் என் மனைவி. பெண்ணைக் கரையிலேயே நிறுத்திவிட்டு டேப்லெட்டைக் கடைக்காரியிடம் கொடுத்தாள். "இதையே போட்டு வை. கொஞ்சம் ஏறட்டும். நாங்க வந்து வாங்கிக்கறோம்."

வெளியே வந்தோம். சாலையின் இரு பக்கமும் பேருந்துகள் நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தன. கூட்டமும் ஹார்ன் சத்தமும் அவளுக்கு ஒத்துக்கொள்ளாது என்று நினைத்தேன். டீக்கடை பெஞ்சில் இடமிருந்தது. அவள் போய் உட்கார்ந்தாள். நான் இரண்டு டீ சொல்லிவிட்டு வந்து நின்றேன்.

"வீட்டுக்குப் போயிடலாமா? நான் அப்புறமா வந்து டேப்ப வாங்கிக்கறேன்" என்றேன்.

"ஏன், உங்களுக்கு வீட்ல ஏதாவது வேல இருக்குதா?"

"இல்ல."

"அப்ப உக்காருங்க" என்று நகர்ந்து இடம் விட்டாள்.